அப்பா அடைத்த மூன்று மடைகள்

ஃபார்மசி முதல் வருடம் படிக்கும் பிள்ளையை வீட்டில் பேச விடக் கூடாது. நானே அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தவள், அதனால் சொல்கிறேன். மருந்து உடம்பில் எப்படிப் பரவுகிறது என்ற பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன் (பரீட்சையில் அந்தப் பாடத்தில்தான் கோட்டை விட்டேன்).

அப்பாவுக்கு வலது தொடையில் வலி. எலும்பில் புற்று. மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அவரிடம் மட்டும் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருந்தோம்.

"ஏங் கண்ணு, வலி தொடையில. மாத்திர வயித்துக்குத்தான போவுது. அதுக்கு எப்பிடி வழி தெரியும்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வழியெல்லாம் தெரியாதுப்பா. ரத்தத்துல கலந்து ஒடம்பு பூரா போவும். நம்ம மரவள்ளிக்குத் தண்ணி பாயற மாதிரி."

அரூர்ப் பக்கம் முப்பது வருடம் வயலுக்குத் தண்ணீர் கட்டியவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வேண்டாத மடையை அடைத்தால்தான் வேண்டிய பாத்திக்குத் தண்ணீர் ஏறும். மறுநாள் காலை மாத்திரை போட்டதும் இரண்டு கைகளையும் இடது காலையும் தனித்தனித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார் (இரண்டாவது கைக்குப் பல்லால் முடிச்சு). நான் பார்த்தபோது விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

"அவுக்காத கண்ணு, இன்னும் பாயல" என்றார்.

முடிச்சுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, மரத்துப்போன கைகளோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

"யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்று டாக்டர் கத்தினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"நானாத்தானுங்க" என்றார் அப்பா. "எல்லாப் பக்கமும் போயி என்னங்க பிரயோசனம்? வலி தொடையில மட்டுந்தானுங்களே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். வாய் ஓயாத நான் மறுபடியும் காலண்டர் பக்கம் திரும்பினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிங்க" என்றார். "அப்ப எல்லா மடையும் தொறந்தே கெடக்கட்டும்."

வீடு வரும்வரை என் கையை விடவில்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டார். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

இப்போது மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மாத்திரைக்கு எப்படி வழி தெரியும் என்று யாராவது கேட்டால், டாக்டரைக் கேளுங்க என்று சொல்லிவிடுவேன். வீட்டில் யார் தலைவலி மாத்திரையைக் கையில் எடுத்தாலும் அம்மா கேட்பாள்: "மடையெல்லாம் தொறந்திருக்குதா?" எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். மாத்திரை என்னுடையதாக இருந்தால் மட்டும், விழுங்கியதும் இரண்டு கைகளையும் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்வேன்.