கட்டியைச் சுற்றியிருந்த திசு

நோயாளிக்குத் தெரியாமல் நோயைக் காப்பாற்றுவதில் கள்ளக்குறிச்சி உலகத்துக்கே வழிகாட்டி.

அத்தியாவின் மார்பிலிருந்து ஒரு கட்டி எடுக்கப்பட்டது. புற்றுநோய், பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவத் தொடங்கிவிட்ட வகை. இந்த விவரம் முறைப்படி அவள் கணவர் அக்பர் அலியிடம் தெரிவிக்கப்பட்டது. அவர் தம்பி நவுஷாதிடம் சொன்னார். நவுஷாத் கடைத்தெருவில் சொன்னான். "யாராண்டயும் சொல்லிடாதீங்க" என்ற நிபந்தனையோடு விஷயம் மலைப் பேருந்தில் ஏறி வெள்ளிமலை வரைக்கும் போனது. அத்தியாவிடம் மட்டும் "கொழுப்புக் கட்டி" என்றார்கள்.

அவள் நம்பினாள். வருஷக்கணக்காகப் பேசாத நாத்தனார் பிரியாணியோடு வந்து கட்டிப்பிடித்து அழுதபோதுதான், கொழுப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று யோசித்தாள்.

மருத்துவர் தெய்வசிகாமணி ஆராய்ச்சியாளரும்கூட. புற்றணுக்களை எல்லாரும்தான் பார்க்கிறார்கள். இவர் அவற்றைச் சுற்றித் தாங்கி நிற்கும் திசுவைப் பார்த்தார். அதில் ஒரு புரதம் மிகுந்திருந்தால் நோய் திரும்பி வரும், ஆயுள் குறையும் என்பது அவர் கணிப்பு. அத்தியாவின் திசுவில் அது ஏராளம். "அருமையான சாம்பிள்" என்று பாராட்டினார். கீமோ ஊசி போட வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

குடும்பம் அவர் அறையில் கூடி ஆலோசித்தது.

"ஊசி போட்டா முடி கொட்டுமாமே?" என்றார் அக்பர் அலி.

"கொட்டும்."

"கொட்டுனா அவளுக்குத் தெரிஞ்சிடுமே டாக்டர்."

"தெரிஞ்சா பாபி தாங்கமாட்டாங்க. உசுரே போயிடும்" என்றான் நவுஷாத், அண்ணி மேல் உள்ள அக்கறையில்.

உயிரைக் காப்பாற்றும் பொருட்டு ஊசி ஒருமனதாக ரத்து செய்யப்பட்டது. மருத்துவர் வற்புறுத்தவில்லை. சிகிச்சை குறுக்கிடாவிட்டால் புரதத்தின் வேலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஏற்பாட்டில் ஒரே ஒரு "நிர்வாகக் குறைபாடு" இருந்தது. வடக்கனந்தலிலிருந்து கீரை விற்க வரும் பெரியநாயகியிடம் வாயை மூடிக்கொள்ளச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னா பாயம்மா, கேன்சருக்கு ஊசி வேணாம்னுட்டாங்களாமே? முடிக்காவா? எங்க ஓர்ப்படிக்கும் மொட்டையாத்தான் ஆச்சு. இப்ப என்னாண்ட தெனம் சண்ட போட்டுக்கினு கீறா."

அத்தியா கீரையை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

"கூட யாரு வந்துகிறாங்க?" என்றாள் மருத்துவமனை வரவேற்பில் இருந்த ஜெயசுதா.

"யாரும் இல்ல. நாந்தான் பேஷன்ட்டு."

"அப்ப உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல முடியாதே. வூட்ல பெரியவங்க யாரனா இட்டுக்கினு வாங்க."

"அம்பது வயசாவுதும்மா எனக்கு. இதுக்கு மேல எவ்ளோ பெரியவங்க வேணும்?"

நேராக உள்ளே போனாள். மருத்துவர் திடுக்கிட்டார்.

"யார் உங்களுக்குச் சொன்னது?"

"அத வுடுங்க. முடி போனா போவுது, ஊசியப் போடுங்க."

"உங்க வீட்டுக்காரர் சம்மதிக்கணும்..."

"கட்டி அவருக்கா வந்துது?"

ஊசி ஏறியது. முடி கொட்டியது. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அத்தியா அழவில்லை. "பொறந்ததுலருந்து முக்காடு போட்டுக்கினு கீறேன். இப்பதான் அதுக்கு ஒரு வேலை வந்துருக்குது" என்றாள்.

சில ஆண்டுகளில் மருத்துவரின் ஆய்வு பரிசு பெற்றது. விதியை மீறித் தன் நோயைத் தெரிந்துகொண்டு சிகிச்சையும் பெற்றதால் அத்தியா அதிலிருந்து நீக்கப்பட்டாள். அவள் அப்போதும் கடைவீதியில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஆய்வில் இருந்த மற்ற பெண்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. புரதம் சொன்னபடியே அவர்கள் இறந்தார்கள். கணிப்பு ஒன்றுகூடப் பிசகவில்லை.

கட்டுரையின் இறுதியில், "முழு ஒத்துழைப்பு" நல்கிய குடும்பத்தாருக்கு மருத்துவர் நன்றி தெரிவித்திருந்தார்.