காளத்தியின் காதும் என் மாமனாரின் காதும்

என் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் கொள்ளைக்காரர் என்று நிரூபித்திருக்கிறேன். அவர் என் மாமனார். ஒரே ஒருவரைத்தான் கொள்ளைக்காரர் இல்லை என்றும் நிரூபித்திருக்கிறேன். அவரும் அதே மாமனார்தான். இரண்டுக்கும் நடுவே முழுசாக இரண்டு நாள். இரண்டையும் விஞ்ஞான முறைப்படிதான் செய்தேன் என்பதை மட்டும் இந்த வயதிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வேன். (வேறு எதைச் சொல்லிக்கொள்ள?)

வெள்ளைக்காரன் கப்பலேறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் ராயபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தேன். கண்ணாடி நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் தடவித் தடவி, அம்மைத் தழும்பை மறைப்பது, ஒட்டிய கன்னத்தைப் பூசினாற்போல் ஆக்குவது, மாப்பிள்ளைக்கு இல்லாத மீசையை வரவழைப்பது, இதெல்லாம் டச்சிங். சுருக்கமாகச் சொன்னால், பொய் சொல்வதற்குச் சம்பளம்.

வயது இருபத்து மூன்று. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்கள் தெருவிலேயே நான் ஒருவன்தான் பாஸ் என்பதால் தலை கழுத்தில் நிற்கவில்லை. போதாக்குறைக்கு மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் வாங்கித் தொலைத்தேன். அட்டை கிடையாது, முதல் முப்பது பக்கமும் கிடையாது. போட்டோவை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் போட்டிருந்தது. மனுஷன் பேரை மாற்றலாம், மீசையை மாற்றலாம், காதை மட்டும் மாற்ற முடியாதாம். அன்றிலிருந்து நான் யாரிடமும் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, காதைப் பார்த்தே பேசினேன். பேட்டையில் பலர் எனக்கு மாறுகண் என்றே நினைத்தார்கள்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. பெண் மரகதம், திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலையில் வேலை. அவளுடைய அப்பா ஏகாம்பரம், எனக்குத் தூரத்து உறவில் மாமா, கொருக்குப்பேட்டையில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேன். தையில் முகூர்த்தம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாமா காளத்தி ஆகும் வரைக்கும்.

படகுக் காளத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்பு கால்வாயில் வந்த அரிசிப் படகுகளை மறித்துக் கொள்ளையடித்தவர். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தார் என்பார்கள். (வாங்கின ஏழை ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. பறிகொடுத்த பணக்காரர்களின் பேரன்மார்தான் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். எங்க தாத்தாவும் ஒரு காலத்துல பணக்காரருதான் என்று சொல்லிக்கொள்ள அது ஒரு வழி.) எண்ணூர்க் கழிமுகத்தில் போலீஸ் சுட்டது, ஆள் தண்ணீரில் விழுந்தார், பிணம் கிடைக்கவில்லை. கால்வாய்க் கரையில் காதர் பாய் டீக்கடையில் காளத்தியின் படம் மாட்டியிருந்தது. முறுக்கு மீசை, கன்னத்தில் வெட்டுத் தழும்பு, நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். படகுக்காரர்கள் அதற்கு மாலை போட்டுவிட்டுத்தான் டீ குடிப்பார்கள்.

ஒருநாள் அந்தக் கடையில் யாரோ காளத்தி செத்ததைப் பற்றிப் பேச, ஏகாம்பரம் மாமா சும்மா இருக்காமல், "செத்தத நீ கண்டியா?" என்று கேட்டார். மறுநாள் தோளைத் தடவி, "மழை வந்தா இங்க குண்டு பட்ட எடம் வலிக்குது" என்றார். மூன்றாம் நாள் அவரே காளத்தி ஆகிவிட்டார். ஆயுசு பூராவும் "யோவ் வாட்ச்மேன்" என்று கூப்பிட்ட ஜனங்கள், அவர் வந்தால் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் பாதிச் சவரத்தில் இருந்தவனை எழுப்பிவிட்டு அவரை உட்கார வைத்தார்.

நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மரகதம். "எங்க நைனா கரப்பான் பூச்சிய பாத்தாலே பெஞ்சு மேல ஏறிக்குவாரு. அவரு கொள்ளையடிச்சாராமா?" என்று சிரித்தாள். இன்னொருவர் காதர் பாய்.

"ஏகாம்பரம், படத்துல கீறவரு மூஞ்சியப் பாரு, உன் மூஞ்சியப் பாரு. இன்னா ஆதாரம் கீது உங்கையில?"

கடையில் எல்லாரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா முகம் சுண்டிப்போனது. நான் சும்மா இருந்திருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு ஓடியிருக்கலாம். மாப்பிள்ளை முறுக்கு விட்டதா?

"ஆதாரத்தை நான் தருகிறேன். போட்டோவைப் போட்டோவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்" என்று எழுந்து நின்றேன்.

மாமாவின் கண் பளிச்சென்றது. "எட்றா மாப்ள படத்த! காளத்தி யாருன்னு பாய்க்குக் காட்டு!" என்றார். சோதனை என்றதும் மனுஷன் இவ்வளவு குஷியாகிறாரே என்று தலையில் களிமண் இல்லாத எவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் பெருமைதான் வந்தது.

ஸ்டூடியோ முதலாளி பொன்னுரங்கம், மகளைப் பார்க்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். இருட்டறை என் ராஜ்யம். டீக்கடைப் படத்தைக் கடன் வாங்கி வந்து அதைப் படம் பிடித்தேன். மாமாவை அதே கோணத்தில் உட்கார வைத்துப் பிடித்தேன். இரண்டையும் ஒரே அளவாக்கி, நெகட்டிவ் மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணோடு கண் உட்கார்ந்தது. மூக்கோடு மூக்கு. காது! மடலின் மடிப்பு முதல் நுனி வரை ஒரு மயிரிழை விலகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் கட்டிக்கொள்ளப் போவது காளத்தியின் மகளை!

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கூட்டம் தாங்கவில்லை. பெஞ்சின் மேல் ஏறி, காதை அளக்கும் கவராயத்தைக் கையில் பிடித்து, சுத்தமான புத்தகத் தமிழில் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். ஒருவருக்கும் புரியவில்லை, அதனாலேயே நம்பினார்கள். காதர் பாய் மட்டும், "தம்பி, படத்துல கன்னத்துல வெட்டு கீதே, இவரு கன்னம் வழவழன்னு கீதே?" என்றார்.

"வயதானால் தழும்பு மறைந்துவிடும். விஞ்ஞானம் அப்படித்தான் சொல்கிறது" என்றேன். (எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. ஒருவேளை அந்த முதல் முப்பது பக்கத்தில் இருந்திருக்கலாம்.)

பாய் பெரிய மனுஷர். ஒப்புக்கொண்டு மாமா கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவைத் தோளில் தூக்கித் தண்டவாளம் வரை ஊர்வலம் போனார்கள். மரகதம் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா, நீ படிச்சவன்தானே?"

"ஆமாம்."

"எத்தினி பேரு இருந்தாங்கோ உங்கூடப் படிச்சவங்கோ? அவங்களும் இப்டித்தானா?"

மறுநாள் சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் டீக்கடைக்கு வந்தார். "இங்க காளத்தி யாரு? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஏட்டையா ஸ்டேஷனுக்கு இட்டாரச் சொன்னாரு. அந்தப் போட்டோக்காரனும் கூட வரணும்" என்று சொல்லிவிட்டு டீயும் குடித்துவிட்டுப் போனார்.

மாமா வீட்டுக்கு நான் ஓடினபோது அவர் மூலையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். "மாப்ள, நான் காளத்தி இல்லடா. சத்தியமா ஏகாம்பரம்டா" என்றார்.

இங்கேதான் என் படிப்பு உச்சத்தைத் தொட்டது. "பயத்தில் பேசாதீங்க மாமா. காது பொருந்தியிருக்கு. நீங்க காளத்தியேதான்" என்றேன்.

"டேய், என்னிய நான் அறிய மாட்டனா?"

"உங்களுக்கு மறந்திருக்கலாம்."

மரகதம் கையில் இருந்த முறத்தைத் தூக்கி எறிந்தாள். அது என் மேல் படவில்லை, ஆனால் குறி என் மேல்தான். "அவரே இல்லன்றாரு, நீ ஆமான்றியே! நைனா ஜெயிலுக்குப் போனா உன் கவராயமா வந்து என்னிய தாரை வாத்துக் குடுக்கும்? நாளைக்கு நீ அவர வூட்டுக்கு இட்டுகினு வரலன்னா தையும் கெடையாது, மாசியும் கெடையாது, சொல்ட்டேன்" என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் என் விஞ்ஞானம் முழுக்க வயிற்றுக்குள் இறங்கிவிட்டது.

மாமா முனகினார்: "படத்துல கீறது நான்தான். ஆனா காளத்தி நானில்ல. உங்க மொதலாளியக் கேளு."

காலையில் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கின முதலாளியிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். டீக்கடைப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தப் படத்துல காது தவிர வேற இன்னாடா பார்த்தே?"

"மூக்கு."

"நாற்காலியப் பார்த்தியா?"

பார்த்தேன். கைப்பிடியில் இரண்டு சிங்கத் தலை. இடது சிங்கத்துக்குத் தாடை உடைந்திருந்தது. அந்த நேரத்தில் என் இடது கை எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அதே உடைந்த தாடையின் மேல். மூன்று வருஷமாக நான் தினமும் துடைக்கிற நாற்காலி, மத்தியானச் சோறு தின்கிற நாற்காலி.

"காளத்தி போனப்புறம் அந்தக் காலத்துப் படகுக்காரங்க வந்து படம் வேணும்னாங்க, அவங்கள்ல ஒருத்தரும் இப்ப இல்ல. செத்தவங்களுக்குப் படம் இல்லன்னா சாயல்ல ஒரு ஆள உக்கார வச்சி எடுக்கறது நம்ம தொழில்ல வழக்கம்தானேடா. வாட்டசாட்டமா கீறான்னு இந்த ஏகாம்பரத்த இட்டாந்தாங்க. தழும்பு வேணும்னாங்க, நெகட்டிவ்ல பென்சிலால ஒரு கோடு இழுத்தேன். ஏன்டா, போன மாசம் நீயே ஒரு மாமியாருக்கு மருமகள உக்கார வச்சி நரை போட்டுக் குடுக்கல?"

குடுத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது.

ஆக, மாமாவின் படத்தை மாமாவோடு ஒப்பிட்டு, அவர் அவர்தான் என்று கண்டுபிடித்திருக்கிறேன். பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை குஷி.

முதலாளி தேடிக் கொடுத்த பழைய கண்ணாடி நெகட்டிவைத் துணியில் சுற்றிக்கொண்டேன். நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். ராயபுரம் கடைத்தெரு வழியாக நான் முன்னால், நடுங்கும் மாமா பின்னால், அவருக்குப் பின்னால் மரகதம், காதர் பாய், படகுக்காரர்கள், வேலைவெட்டி இல்லாத பாதிப் பேட்டை. ஸ்டேஷன் வாசலில் ஏட்டையா நின்றிருந்தார். ஓய்வு பெறப் போகிற வயது. இஸ்திரி போட்ட உடுப்பு, எண்ணெய் தடவி வாரின தலை.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். நாற்காலியை இறக்கி, மாமாவை அதில் உட்கார வைத்து, படத்தைப் பக்கத்தில் பிடித்து, சிங்கத்தின் தாடையைக் காட்டி, நெகட்டிவை வெயிலில் தூக்கிப் பென்சில் கோட்டைக் காட்டி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துவிட்டேன். "இவர் கொள்ளைக்காரர் இல்லை! வெறும் வாட்ச்மேன்! ஒரு கரப்பான் பூச்சியைக்கூடத் துரத்தாதவர்!" என்று உரக்க முடித்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. படகுக்காரர் ஒருவர், "த்தூ, இவன் படத்துக்கா மாலை போட்டோம்?" என்றார். மாமா தலையைத் தொங்கப் போட்டிருந்தார். இருந்தாலும் தப்பித்தார் அல்லவா? நான் மரகதத்தை வெற்றிப் பார்வை பார்த்தேன்.

ஏட்டையா முகம்தான் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆகிவிட்டது.

"அடப்பாவி, யாரு அவரப் புடிக்கறன்னது? அந்தக் கேஸ் காகிதத்த எப்பவோ கரையான் தின்னுடுச்சு. எங்கப்பாரு அந்தக் காலத்துல காளத்தியப் புடிக்கப் போயி கால் ஒடிஞ்சி வந்தவரு. சாவற வரைக்கும் அவரு பேச்சுதான். ரிட்டையர் ஆவறதுக்குள்ள காளத்தி பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னு உன்னியும் வரச் சொன்னா, கேமராவ உட்டுட்டு நாற்காலியத் தூக்கினு வந்து கீறியே!"

உள்ளே மேஜை மேல் ரோஜா மாலை இருந்தது. நான் இன்னும் அரை நிமிஷம் வாயை மூடியிருந்தால், போலீஸ் கையாலேயே மாமா கழுத்தில் அது விழுந்திருக்கும். கொருக்குப்பேட்டையில் அவருக்குச் சிலையே வைத்திருப்பார்கள்.

மாமா மெல்ல எழுந்தார். தனியாக நடந்து போனார். டீக்கடைப் பக்கம் யாரும் லுங்கியை இறக்கவில்லை. மனுஷனுக்கு ஆயுசிலேயே கிடைத்த ஒரே மரியாதையை, கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

வீட்டுக்கு அவரை முழுசாகக் கொண்டுவந்துவிட்டேன் என்பதால் மரகதம் வாக்குத் தவறவில்லை. தையில் கல்யாணம் நடந்தது. மாமா தாரை வார்த்துக் கொடுத்தார், வாய் வார்த்தை கொடுக்கவில்லை. ஒன்றரை வருஷம் என்னோடு பேசவே இல்லை. சோறு வேண்டுமா என்று நான் கேட்டாலும் சுவரைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூத்தவன் பிறந்தான். அன்றைக்கே பிரசவ ஆஸ்பத்திரிக்கு மாமா வந்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாமா, பாருங்க, அப்படியே உங்க மூக்கு, உங்க காது!" என்றேன்.

ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிள்ளையின் காதைத் துணியால் மூடினார்.

"இப்ப ஆமான்ற. ரெண்டு நாள் கழிச்சி வியாழக்கெழம வந்து இல்லன்னு சொல்லுவியா?" என்றார்.

மரகதம் தையல் வலியோடு சிரித்தாள், அவரும் சிரித்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்றால்கூட, அடுப்படியிலிருந்து பேத்தி கேட்கிறாள்: "வியாழக்கெழம வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமா தாத்தா?"