ஒரிஜினல் அண்ணனுக்கு நான் போட்ட லேமினேட்

மலேசியாவில், எங்கள் ஈப்போ ஊரில் எது அசல், எது போலி என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்த ஒரிஜினல் அண்ணன். அடுத்த கடையில் நான் போட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டிருந்தேன். சொந்தப் பெயரில் கூப்பிட்டால் மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

'ஒரிஜினல்' என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டினார். பிரேக் கட்டைக்குச் சொன்னால் கம்பெனி சரக்கு என்று அர்த்தம். தே தாரே என்கிற ஆற்றின டீக்குச் சொன்னால் பால் தாராளம். பூக்கடை அக்கா யாரையாவது விரட்டினால், "கோவம் ஒரிஜினல்லா!" என்பார், நடிப்பில்லை என்ற பாராட்டு அது. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு முடி ஒரிஜினலா?" என்று சத்தமாக விசாரித்தார். விசாரித்தது பெண்ணின் தாய்மாமனிடம். மோர் வருவதற்குள் நாங்கள் இருவரும் வெளியே இருந்தோம்.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் கையில் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி, குடியுரிமை கிடையாது. "சாவறதுக்குள்ள ஒரு ஓட்டாவது போட்டரணும் தம்பி," என்பார். இங்கேதான் பிறந்தார் என்பதற்கு ஒரே சாட்சி, தோட்டத்து ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்புச் சீட்டு. பல வருஷம் மனுப் போட்டு, ஒருவழியாக நேர்காணலுக்கு நாள் கிடைத்தது.

நேர்காணலுக்கு முதல் நாள் சாயங்காலம், நகல் எடுக்கச் சொல்லி சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனார். மடிப்பெல்லாம் கிழிந்து, தொட்டால் உதிர்ந்துவிடும்போல் இருந்தது. பாவமாயிருந்தது. கேட்காமலே லேமினேட் போட்டுவிட்டேன்.

வந்தவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பளபளன்னு இருக்குலா! இன்னும் நூறு வருசம் தாங்கும்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் நானும் கூடப் போனேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூட்டில் மை பரவியிருந்தது. புடைப்பாக இருந்த முத்திரை தட்டையாகிப்போயிருந்தது.

"இது நகல்தானே? ஒரிஜினல் எங்கே?"

"இதுதாங்க ஒரிஜினல்," என்றார் அண்ணன். அந்தச் சொல்லை அவர் அவ்வளவு சன்னமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியே வந்து பிளாஸ்டிக்கை உரிக்கப் பார்த்தேன். எழுத்தும் கூடவே வந்தது. மனு அத்தோடு நின்றுபோனது. நான் அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தட்டி, "விடுலா தம்பி, நல்லதுக்குத்தானே செஞ்ச," என்றார். நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் அவரே காலையில் வந்து என்னை எழுப்புவார். என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து, ஓட்டுப் போடும் பள்ளிக்கூட வாசலோடு நின்றுகொள்வார். என் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீ போ தம்பி, இத நான் பாத்துக்கிறேன்," என்பார். திரும்பி வந்ததும் மை வைத்த விரலைக் காட்டச் சொல்வார்.

அவர் இறந்துபோனபின் வந்த தேர்தலில், ஹெல்மெட்டை வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. அதை அணைத்துக்கொண்டேதான் ஓட்டுப் போட்டேன்.