ஜவாஹிர் நானாவின் மூன்று பானைகள்

"இது உங்கட கடைத் தண்ணி," என்று சொல்லி சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. குணரத்தினம் ஒரு சோடாப் போத்தலை மேசையில் வைத்தார்.

ஜவாஹிர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மழை விட்ட பிறகு றோட்டோரக் குழியில் தேங்கி நிற்குமே, அந்த நிறம்.

கிண்ணியாத் துறையடியில், வாகனங்களையும் சனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையான பாதை வந்து ஒதுங்கும் இடத்தில்தான் அவருடைய தேத்தண்ணிக் கடை. பாதை பிந்தினால் வியாபாரம் நடக்கும். பாதை பெரும்பாலும் பிந்தும். சீனி பங்கீட்டுக் கூப்பனுக்குப் போய்விட்ட அந்த வருசங்களில் கடையை நிற்க வைத்தது பாதையின் சோம்பல்தான்.

பி.எச்.ஐ. விசயத்தைச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான் போன கிழமை இந்தக் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தார்களாம். அதன் நிறத்தைப் பார்த்துத் தொடாமல் இருந்திருக்கிறார். கடைசிவரை தேத்தண்ணி வரவில்லை. பாதை வந்துவிட்டது. மனுசன் கிளாஸில் இருந்ததை வெறும் போத்தலில் ஊற்றிக்கொண்டு போய்ச் சுகாதாரக் கந்தோரில் கொடுத்துவிட்டார்.

"தேத்தண்ணி கேட்ட ஆளுக்கு நான் குடுக்காம விட்டனா?" என்றார் ஜவாஹிர். தண்ணீரைப் பற்றிச் சொன்னதைவிட அதுதான் அவருக்குச் சுட்டது.

"அது எனக்குத் தெரியாது நானா. வாற வியாழன் வருவன். குடிக்கிற தண்ணி தெளிவா இல்லாட்டி கடையைப் பூட்ட வேண்டி வரும்."

குணரத்தினம் கெட்ட மனுசன் இல்லை. சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் மூன்று பானைகளை வரைந்து காட்டினார். மேல்பானையில் கரி, நடுப்பானையில் மணல், இரண்டுக்கும் அடியில் ஓட்டை, கீழ்ப்பானையில் வடிந்த தண்ணீர். வடித்தாலும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். பாதை கூவியதும் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஜவாஹிர் பின்வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளிப் பார்த்தார். வாளியின் அடி தெரிந்தது. மனைவி உம்மு குல்சும்மைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லாத்தானே கிடக்கு," என்றாள் அவள்.

"அப்ப உனக்கும் கண் போயிட்டுது," என்றார் ஜவாஹிர். கந்தோரிலிருந்து வந்த போத்தல் பொய் சொல்லாது. ஆகவே கண்தான் பழுது. வயதும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரமே மூன்று பானைகள் வாங்கி, ஆணியால் தட்டி ஓட்டை போட்டார். ஓட்டை போடும்போது ஒரு பானை உடைந்தது. நான்காவது பானையும் வாங்கினார். மணலுக்கு அலையவில்லை. வெள்ளை மணல்தானே சுத்தமான மணல்? துறையடிக் கரையிலேயே பால்போலக் கிடந்தது. அள்ளிப் போட்டார். தண்ணீர் கண்ணாடிபோல் வடிந்தது.

மறுநாள் முதல் கிளாஸ் பேணாட்டுக்குப் போனது. பேணாட் பாதையில் வேலை செய்பவன். வருசக்கணக்காகக் கடையின் மர வாங்கிலில் இருந்துதான் குடிக்கிறான். ஒரு வாய் குடித்துவிட்டு, நானா, இதுக்குள்ள மீன் துண்டு எங்க என்று கேட்டான்.

கடல் மணலில் உப்பு இருக்கும் என்பது ஜவாஹிருக்குத் தெரியாத சங்கதி அல்ல. பயத்தில் இருக்கும் மனுசனுக்குத் தெரிந்தது எதுவும் கைக்கு வராது.

அடுத்து, தம்பலகாமத்திலிருந்து வந்த உழவு மெசினில் ஒரு சாக்கு ஆற்று மணல் எடுப்பித்தார். அதில் உப்பு இல்லை, களி இருந்தது. பானையில் கொட்டினால் செங்கல் கரைசல் வடியும். கழுவ வேண்டும். கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிக் கழுவினார். கழுவக் கழுவ மணல் வெளுத்தது, கிணறு இறங்கியது. பொழுது படுகிற நேரம் வாளி அடியில் முட்டிச் சேற்றோடு மேலே வந்தது.

ஜவாஹிருக்கு ஒரு நிம்மதி. "பாத்தியா? பி.எச்.ஐ. சொன்னது சரி. தண்ணி கலங்கித்தான் கிடக்கு."

"நீங்கதானே கலக்கினீங்க," என்றாள் உம்மு குல்சும். அவள் அயல்வீட்டுக் கிணற்றுக்குக் குடத்தோடு போனாள்.

கரிக்கு அவர் வீட்டு ஸ்திரிக்கைப் பெட்டியை நம்பினார். அதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த சிரட்டைக்கரி முழுவதையும் இடித்து மேல்பானையில் கொட்டினார். கழுவக் கிணற்றில் தண்ணீர் இல்லை, கழுவாமலே விட்டார். வடிந்தது மை. அவசரத்தில் அதிலேயே ஒரு தரம் தேத்தண்ணியும் ஊற்றிவிட்டார்.

பேணாட் கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"நானா, இண்டைக்குத்தான் உங்கட தேத்தண்ணிக்கு ஒரு நிறம் வந்திருக்கு."

ஜவாஹிர் தேயிலைப் பையைப் பிழிந்து திரும்பவும் கொக்கியில் மாட்டினார். காலையில் அதில் போடும் தூள் கடைசிப் பாதை போகும்வரை வேலை செய்யும். அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல ஏலாது. அந்த வருசங்களில் எல்லாருமே எதையோ ஒன்றை இரண்டு தரம் அவித்தார்கள். ஜவாஹிர் கொஞ்சம் கூடுதலான தரம் அவித்தார், அவ்வளவுதான்.

கிணறு மெல்ல ஊறித் தெளிந்தது. கரியைக் கழுவினார், மணலைத் திரும்பக் கழுவினார், அடியில் கூழாங்கல் பரப்பினார். கடைசியில் தண்ணீர் தெளிவாக வந்தது. ஆனால் சொட்டுச் சொட்டாக வந்தது. பாதையே இரண்டு தரம் வந்து போகும், கீழ்ப்பானை நிரம்பாது. காத்திருந்து அலுத்த சனம் எதிர்க் கடைக்குப் போகத் தொடங்கியது. பூட்டு வருவதற்கு முன்பே கடை பூட்டினமாதிரித்தான் இருந்தது. அவர் பானைகளுக்கு முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு, சொட்டு விழுவதைப் பார்த்தபடி குந்தியிருந்தார். வாங்கிலில் மிச்சமிருந்தது பேணாட் மட்டும்.

வியாழக்கிழமை வந்தது. கரி முழுவதும் பானைக்குள் இருந்ததால் ஜவாஹிரின் சேட்டு கசங்கியே கிடந்தது. குணரத்தினம் பைலோடும் அதே சோடாப் போத்தலோடும் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து பானைகளைப் பார்த்தார். வடித்துக் கொதித்து ஆறிய தண்ணீரைக் கிளாஸில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், பிறகு மடமடவென்று குடித்தார்.

"அருமையான தண்ணி, நானா. கடை தப்பீற்றுது," என்றார். "இனி ஒரு பிளேன்ரீ போடுங்கோ."

ஜவாஹிருக்குக் கண் கலங்கியது. வடித்த தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க விட்டார். கொக்கியிலிருந்த தேயிலைப் பையை எடுத்தார். விசேட விருந்தாளி என்பதால் பையை ஒரு பிழி கூடுதலாகவே பிழிந்தார். கிளாஸைத் துடைத்து, ஊற்றி, ஆற்றி, பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வைத்து, பி.எச்.ஐ.யின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

குணரத்தினம் கிளாஸைப் பார்த்தார். பனங்கட்டியை ஒதுக்கிவிட்டுப் போத்தலை எடுத்துக் கிளாஸுக்கு அருகில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"காட்டுறதுக்கு ஒரு தண்ணி, சனத்துக்குக் குடுக்கிறதுக்கு ஒரு தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டே பைலைத் திறந்து பேனையை எடுத்தார். "உங்களை நம்பினன், நானா."

குசினிக் கதவடியில் உம்மு குல்சும் குடத்தோடு அப்படியே நின்றாள்.

வாங்கில் மூலையில் இருந்த பேணாட் தன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"பேனையை வையுங்கோ, ஐயா. அதுதான் நீங்கள் கேட்ட பிளேன்ரீ. போத்தலுக்குள்ள கிடக்கிறதும் அதுதான்."