இன்ஜின் வர்ணத் தேர்வுக் குழு

மனித குலம் எத்தனையோ பெரிய முடிவுகளை எடுத்திருக்கிறது. ஆனால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜினுக்கு என்ன நிறம் பூசுவது என்ற கேள்வியை, அதற்குரிய மரியாதையோடு அணுகிய ஊர் உலகத்திலேயே ஒன்றுதான். அது நடு அந்தமானில் இருக்கும் ரங்கத். ஊரின் பெயரிலேயே, ஹிந்திக்காரர்கள் நிறத்துக்குச் சொல்லும் 'ரங்' இருக்கும்போது, நிறத்தை இங்கே தீர்மானிக்காமல் வேறு எங்கே தீர்மானிப்பது?

இந்தப் பெருமை முழுவதும் 1963-ஆம் ஆண்டு அங்கே குடியேற்ற நல அலுவலகத்தின் பொறுப்பாளராக இருந்த திரு. சிவஞானத்தைச் சேரும். திருநெல்வேலிக்காரர். கோப்பு என்றால் உயிர். தோற்றம் என்றால் அதற்கும் மேலே.

அலுவலகத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் ஊருக்குக் கப்பலேறியபோது விட்டுவிட்டுப் போனது. பக்கத்தில் ஒரு சைடுகார். அதற்குள் நர்ஸ் ஜெயமணி பிரசவப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். டிரைவர் பன்னீர்செல்வம் ஓங்கி ஒரு உதை விடுவான். வண்டி முதலில் இருமும், அப்புறம் தும்மும், அப்புறம் ஓடும். காட்டை வெட்டித் திருத்தி உட்கார்ந்திருந்த வங்காளிக் குடியேற்றங்களில் எந்த வீட்டில் வலி எடுத்தாலும் வண்டி போய் நிற்கும். இப்படி அற்பமாக, எந்த லட்சியமும் இல்லாமல், வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது அது.

அதைக் காப்பாற்றியவர் சிவஞானம்.

போர்ட் பிளேரிலிருந்து பெரிய சாஹிப் ஆய்வுக்கு வரப்போகிறார் என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. சிவஞானம் வாசல் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். தென்னை மரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு அடித்தார். அடிக்க வேறு எதுவும் பாக்கி இருக்கிறதா என்று சுற்றி வரும்போது, இன்ஜின் கண்ணில் பட்டது.

"என்னப்பா பன்னீர், சொறி பிடிச்ச மாதிரி இருக்கு?"

"நல்லா ஓடுது சார்."

"ஓடுறதை யாரு கேட்டா? சாஹிப் முன்னாடி இது நிக்கணும்!"

அன்றே 'இன்ஜின் வர்ணத் தேர்வுக் குழு' பிறந்தது. தலைவர் சிவஞானம். உறுப்பினர் ஹெட் கிளார்க் உதயசூரியன். வணிகப் பிரதிநிதி, பஜாரில் கடை வைத்திருந்த அப்துல் குத்தூஸ். பன்னீர்செல்வம் வண்டியை ஓட்டுகிறவன் என்பதால், பாரபட்சம் காட்டக்கூடும் என்று விலக்கப்பட்டான். முடிவு தெரியும் வரை மேற்படி வாகனம் 'பரிசீலனையில்' இருப்பதாக அறிவித்து, மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷுமாகப் பழைய பெயிண்ட் சுரண்டப்பட்டது. இன்ஜின் உரித்த கோழி போல நின்றது.

குழு கூடியது. டீ வந்தது.

"கறுப்பு அடிச்சிடலாம் சார். பழசும் கறுப்புதான்" என்றார் உதயசூரியன்.

"அடிச்சதே தெரியாதேய்யா! செஞ்சதே தெரியாத வேலையை சர்க்கார் எதுக்குச் செய்யணும்?"

"அப்ப சில்வர்?"

"கல்யாண அண்டா மாதிரி இருக்கும்."

"பச்சை?"

"காட்டிலாகாக்காரன் தன் வண்டின்னு ஓட்டிட்டுப் போயிடுவான்."

"சாம்பல்?"

"கப்பல்காரன் கேட்பான்."

"சிவப்பு...?"

சிவஞானம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "சீனாக்காரன் சண்டை போட்ட சூடு இன்னும் ஆறலை. இந்த நேரத்துல சிவப்பா? உத்தியோகத்துல இருக்கணும்னு ஆசை இல்லையா உமக்கு?"

உதயசூரியன் டீயைக் குடித்துக் கொண்டார்.

இப்படிப் பல கூட்டங்கள் நடந்தன. டீ தீர்ந்து, காப்பிக்கு மாறினார்கள். கடைசியில் அப்துல் குத்தூஸ் தொண்டையைக் கனைத்தார்.

"சார், இன்ஜினுக்குன்னே சூடு தாங்குற பெயிண்ட் மெட்ராஸ்ல கிடைக்கும். அதுக்குக் கப்பல் வரணும். நம்ம கடையில இருக்கிறது படகுக்கு அடிக்கிறது."

"என்னென்ன நிறம் இருக்கு?"

"நீலம்."

"அப்புறம்?"

"நீலம்தான் சார். ஒரே டின்னு. பக்கா மால்!"

குழு ஆழ்ந்த யோசனையில் மூழ்கியது. வானம் நீலம் என்றார் தலைவர். கடல் நீலம் என்றார் உறுப்பினர். டின்னும் நீலம்தான் என்றார் வணிகப் பிரதிநிதி. பல நிறங்களையும் சீர்தூக்கிப் பார்த்தபின் நீலமே 'ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது'.

முதல் கோட் அடித்த அன்று மத்தியானம், குடியேற்றத்திலிருந்து நிதாய் மண்டல் சேறும் சகதியுமாக ஓடி வந்தார்.

"சாஹிப், காடி தேதோ! பீவி கோ தர்த் ஷுரூ ஹோ கயா!"

பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது, வண்டி வேண்டும் என்று கேட்க ஹிந்தி படித்திருக்க வேண்டியதில்லை. ஜெயமணி அதற்குள் பையோடு சைடுகாரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சிவஞானம் பதறிப்போனார். "இறங்கும்மா, இறங்கு! பெயிண்ட் காயலை. இன்ஜின் சூடாச்சுன்னா குமிழ் விட்டுடும்."

"பிள்ளை காத்திருக்காது சார்."

"பெயிண்ட்டும் அவசரப்படாதும்மா. நான் என்ன செய்ய?"

மண்டல் கையெடுத்துக் கும்பிட்டார். சிவஞானமும் பதிலுக்குக் கும்பிட்டார். மரியாதையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஜெயமணி, மரம் இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த காட்டிலாகா யானை ஜமுனாவின் மேல் ஏறிப் போனாள். ஜமுனா வழியில் மூங்கிலைப் பார்த்தது, நின்றது, தின்றது. ஓடையைப் பார்த்தது; குளித்தது, ஜெயமணியையும் சேர்த்து. அவள் சொட்டச் சொட்டப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை தானாகப் பிறந்து, அழவும் திராணி இல்லாமல் நீலம் பாரித்துக் கிடந்தது. ஜெயமணி அதன் வாயைத் துடைத்து, ஊதி, தட்டி, கடைசியில் அழ வைத்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது யார் புண்ணியம் என்று பரிசீலிக்கக் குழு எதுவும் அமைக்கப்படவில்லை.

சிவஞானத்துக்கு அந்தச் செய்தி எட்டியபோது அவர் இரண்டாவது கோட் பற்றிய யோசனையில் இருந்தார்.

வீட்டில் அவர் மனைவி விசாலாட்சிக்கும் அது நிறைமாதம். படகேறிப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள். "ஆய்வு முடியட்டும் விசாலம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

"என்னையும் கொஞ்சம் பரிசீலனையில வைங்க" என்றாள் அவள், முதுகைப் பிடித்துக்கொண்டு.

ஆய்வு நாள் விடிந்தது. தென்னோலைத் தோரணத்துக்கு அடியில், கட்டைகளிலிருந்து இறக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் நின்றது. இன்ஜின் மயில் கழுத்து போல மின்னியது. செம்பருத்தி மாலை வேறு. சாஹிப்பின் படகு ஜெட்டிக்கு வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். சிவஞானம் கோட்டின் பொத்தானைப் போட்டார்.

அப்போதுதான் குவார்ட்டர்ஸிலிருந்து விசாலாட்சி அலறினாள்.

ஓடிப் போய்ப் பார்த்தார். ஓடி வந்தார். "ஜெயமணி எங்கே?"

"தூரத்துக் குடியேற்றத்துக்கு நடந்து போயிருக்காங்க சார். வண்டிதான் பரிசீலனையில இருக்கே" என்றான் பன்னீர்செல்வம்.

இன்னொரு அலறல். சிவஞானம் இன்ஜினைப் பார்த்தார். பன்னீர்செல்வம் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலைக் காட்டினான். நீலம்.

"ரெண்டாவது கோட்டு இன்னும் ஒட்டுது சார். குமிழ் விட்டுடும்."

"விட்டா விடட்டும்! எடுடா வண்டியை!"

குழு கூடவில்லை. டீ வரவில்லை. தலைவர் தாமே சைடுகாருக்குள் குதித்தார். வண்டி இருமியது, தும்மியது, தோரணத்தையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. கொஞ்ச தூரத்திலேயே இன்ஜினிலிருந்து புகை கிளம்பியது. பெயிண்ட் குமிழ்விட்டது, உரிந்தது, எரிந்தது. மீன் எண்ணெயில் ரப்பர் செருப்பை வறுத்த மாதிரி நாற்றம். எதிரே ஜெட்டியிலிருந்து சாஹிப்பின் ஜீப் வந்தது. சாலையோரம் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு நின்றார்கள். நடுவில் ஓலையும் செம்பருத்தியும் பறக்க, மேகத்துக்குள் சாமி புறப்பாடு போல நம் சிவஞானம். பிள்ளைகள் கைதட்டினார்கள். இதுவும் வரவேற்பு நிகழ்ச்சி என்று நினைத்த சாஹிப் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். சிவஞானமும் வைத்தார். வைத்த கையால் கண்ணீரையும் துடைத்துக் கொண்டார். புகையால் வந்ததென்றே பன்னீர்செல்வம் இன்றுவரை சொல்கிறான்.

வண்டி ஜெயமணியை அள்ளிக்கொண்டு திரும்பியது. சற்று நேரத்தில் குவார்ட்டர்ஸுக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. பெண். சுகப் பிரசவம்.

வாசலில் ஊரே கூடியிருந்தது. நிதாய் மண்டலும் சாஹிப்பைப் பார்க்கத் தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாஹிப் இன்ஜினை உற்றுப் பார்த்தார். நீலம் செதில் செதிலாகத் தொங்கியது. அடியில் கரி. உதயசூரியன் நடந்ததை விளக்கினார். சாஹிப்பின் முகம் நெகிழ்ந்தது.

"சபாஷ் சிவஞானம்! ஓர் உயிர் என்றதும் பெயிண்ட்டைத் தூக்கி எறிந்தீர்களே! அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும். தீவு முழுவதும் இதைச் சொல்லப்போகிறேன்."

கைதட்டல் எழுந்தது. சிவஞானம் அடக்கமாகத் தலை குனிந்தார்.

ஜெயமணி கையைத் துடைத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். வண்டியை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் மண்டலின் தோளில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தாள்.

"ஒரு சந்தேகம் சார்" என்றாள். "அன்னிக்கு அவர் வீட்டுக்குக் காயாத பெயிண்ட், இன்னிக்கு உங்க வீட்டுக்கு மட்டும் எப்படி சார் காஞ்சுது?"

கைதட்டல் நின்றது. சிவஞானம் வாயைத் திறந்தார். மண்டலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பதிலுக்காக அவரும் காத்திருந்தார்.