ஏழாம் எண் நாற்காலி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் மூச்சு வாங்கிவிட்டு, 'கற்பித்தல் உதவியாளர் தகுதிச் சான்றிதழ்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் இல்லாமல்கூட ஒரு குழந்தைக்குச் செருப்பு வார் மாட்டிவிடலாம். மூன்றாவது இல்லாமல் முடியாது என்று கல்வித் துறை தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்தத் தெளிவு பிறக்கும்வரை, ஒன்பது ஆண்டுகளாக அந்தக் காரியத்தைத் துணிச்சலாகச் செய்துவந்தவள் சின்ன டீச்சர். பெரிய டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் மூக்கு துடைப்பது, சண்டை விலக்குவது, 'ஆறு' ஏன் 'ஒன்பது' ஆகிவிட்டது என்று நோட்டைத் திருப்பிக் காட்டுவது எல்லாம் அவள் வேலை. அந்தப் பெயர் பிள்ளைகள் வைத்தது.

அந்த வகுப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. எந்நேரமும் கையில் ஒரு பென்சிலை இறுக்கிப் பிடித்திருப்பதால் அவளும் 'பென்சில்' ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். சின்ன டீச்சரிடம் மட்டும், அதுவும் காதோடு காதாக, ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை. காலையில் சின்ன டீச்சர் வாசலுக்கு வந்து கையைப் பிடித்தால்தான் வகுப்புக்குள் கால் வைப்பாள்.

சுற்றறிக்கை வந்த அன்று தலைமை ஆசிரியை சின்ன டீச்சரை அழைத்தார்.

"சான்றிதழ் இல்லாம ஒன்பது வருஷமா எதை வச்சும்மா இந்த வேலையைப் பார்த்தீங்க?"

"கையை வச்சுத்தான் மேடம்."

"அதான் இப்ப தப்புன்னு வந்திருக்கு. நாலு மாசப் பயிற்சி. பாஸ் பண்ணிட்டா உங்க இடம் உங்களுக்கே. இல்லேன்னா பாஸ் பண்ணினவங்களுக்கு."

பென்சிலிடம் விடைபெறுவதுதான் சிரமமாக இருந்தது. "நாலே மாசம்டா கண்ணு. கட்டாயம் வந்துடுவேன்" என்றாள் சின்ன டீச்சர். பென்சில் நான்கு விரலை நீட்டி, ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

பயிற்சி மையம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. முதல் நாளே சின்ன டீச்சர் ஓர் அசட்டுக் கேள்வி கேட்டாள்.

"குழந்தைங்க எப்ப சார் வருவாங்க?"

பயிற்றுநர் பொறுமையின் சிகரம். சிரிக்காமலே பதில் சொன்னார். "சான்றிதழ் இல்லாதவங்க குழந்தைங்க பக்கத்துல போகக் கூடாது. உங்கள்ல யார்கிட்டயாவது சான்றிதழ் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் எந்த தைரியத்துல குழந்தைங்களை இங்க கூட்டிட்டு வர்றது? எங்களுக்கும் பொறுப்பு இருக்கில்ல?"

பொறுப்புள்ள அந்த மையத்தில் குழந்தைகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் அட்டை. ஒன்றாம் எண், 'துறுதுறு குழந்தை'. நான்காம் எண், 'அழும் குழந்தை'. ஏழாம் எண், 'அமைதியான குழந்தை'. நான்காம் எண்ணைத் தேற்றுவதற்கு ஆறு படிகள்: கண் மட்டத்துக்குக் குனிதல், பெயர் சொல்லி அழைத்தல், உணர்வைப் பெயரிடுதல், மூன்று நொடி காத்திருத்தல், இரண்டு தெரிவுகள் வழங்குதல், பதிவேட்டில் எழுதுதல். நாற்காலிக்குக் கண் ஏது என்று யாரும் குழம்பிவிடக் கூடாதே என்று, 'கண் மட்டம் என்பது சாய்மானத்தின் மேல் விளிம்பைக் குறிக்கும்' எனக் கையேட்டின் பதினெட்டாம் பக்கத்தில் விளக்கமே இருந்தது.

இந்தக் கலையில் ஒருத்தி வெளுத்து வாங்கினாள். அவளை எல்லோரும் 'முதல் பெஞ்சு' என்றார்கள். வாழ்நாளில் ஒரு குழந்தையையும் தூக்கியதில்லை என்று அவளே பெருமையாகச் சொல்வாள். "முன் அனுபவம்கிற களங்கமே இல்லாதவங்க!" என்று பயிற்றுநர் அவளைப் பாராட்டினார். நான்காம் எண்ணின் முன் அவள் மண்டியிட்டு, "உனக்கு வருத்தமா இருக்கு, இல்லையா?" என்று கேட்கும்போது பார்ப்பவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

களங்கத்தோடு வந்த சின்ன டீச்சருக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

"உங்க முகத்துல அனுதாபமே இல்லையே?"

"அது அழலையே சார்."

"அழுறதா நீங்கதான்மா எடுத்துக்கணும்!"

வீட்டில் தையல்காரரான கணவர் நாற்காலியாக இருக்கச் சம்மதித்தார். மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நான் இப்ப அழணுமா?"

"வேண்டாங்க. நாற்காலி அழாது. சும்மா இருந்தா போதும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தானே செஞ்சுட்டிருக்கேன்" என்றார் அவர். ஆனால் நான்காவது படியில் மனைவி உண்மையாகவே கண்கலங்கிவிட்டதைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டார். "பாஸ் பண்ணிடுவ. அந்தக் குட்டி காத்துட்டிருக்குல்ல."

செய்முறைத் தேர்வு நாளன்று மையத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். எனவே தேர்வைச் சின்ன டீச்சரின் பள்ளிக்கூடத்து ஹாலிலேயே வைத்துக்கொள்ள ஏற்பாடு. நாற்காலிகள் வேனில் வந்து இறங்கின. தேர்வுக்குக் குழந்தைகளால் இடைஞ்சல் வரக் கூடாது என்று வகுப்புக் கதவுகளையெல்லாம் சாத்தச் சொன்னார்கள்.

சாத்திய கதவு வகுப்புக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான். பென்சில் நான்கு மாதமாகவே வகுப்புக்கு வெளியே, வராந்தாப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். சின்ன டீச்சர் ஹாலுக்குள் நுழைவதைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். வாசற்படி தடுக்கி விழுந்தாள். முழங்கால் சிராய்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. எழுந்து நொண்டிவந்து, கைக்கு எட்டிய முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஏழாம் எண்.

சின்ன டீச்சர் அப்போது நான்காம் எண்ணின் முன் இரண்டாவது படியில் இருந்தாள். அந்தப் படி அத்தோடு நின்றது. கையேடு ஒரு பக்கம் விழ, அவள் ஏழாம் எண்ணின் முன் தரையில் உட்கார்ந்து கைக்குட்டையால் முழங்காலைத் துடைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் மதிப்பெண் போட வந்திருந்த தேர்வாளர்.

"அழுறா சார்."

"அட்டையைப் பாருங்க. ஏழாம் நம்பர் அமைதியான குழந்தை. அழுறது நாலாம் நம்பர். அதை அப்படியே விட்டுட்டு வந்துட்டீங்களே, ஈவு இரக்கம் இல்லையா?"

பென்சில் சின்ன டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான்கு மாதமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லும் பேசாதவள், காதோடு அல்ல, ஹாலே கேட்கும்படி சொன்னாள்: "வலிக்குது டீச்சர். நீ போவாத."

சின்ன டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேர்வாளருக்கும் ஏதோ செய்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து, 'தேர்வறையில் பேச்சு, ஐந்து மதிப்பெண் குறைப்பு' என்று எழுதினார்.

அடுத்து வந்த முதல் பெஞ்சு, கேவிக்கொண்டிருந்த பென்சிலைச் சுற்றிக்கொண்டு போய், நான்காம் எண்ணின் முன் மண்டியிட்டு ஆறு படிகளையும் பிசிறில்லாமல் முடித்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சின்ன டீச்சருக்கு வந்த கடிதம் ஒரே வரி: 'குழந்தைகளிடம் கையேட்டுக்குப் புறம்பான ஈடுபாடு, தகுதி பெறவில்லை.'

ஒரு மாதம் கழித்து, தன் அனுபவச் சான்றை வாங்கிப் போகச் சின்ன டீச்சர் பள்ளிக்கூடம் போனாள். வராந்தாப் படியில் பென்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தால், வகுப்புக்குள் காலியாக இருந்த பென்சிலுடைய நாற்காலியின் முன், சின்ன டீச்சரின் இடத்துக்கு வந்திருந்த முதல் பெஞ்சு மண்டியிட்டிருந்தாள். "உனக்கு வருத்தமா இருக்கு, இல்லையா?" மூன்று நொடி. பிறகு பதிவேட்டில் எழுதினாள்.

"அவ இங்க வெளியில அழுறா" என்றாள் சின்ன டீச்சர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

முதல் பெஞ்சு நிமிர்ந்து கனிவாகச் சிரித்தாள். "வெளியில இருக்கறது வாட்ச்மேன் பொறுப்புங்க. உள்ள பாருங்க, யாராவது அழுறாங்களா?"

சின்ன டீச்சர் படிக்கு வந்து உட்கார்ந்தாள். வாட்ச்மேன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "அம்மா, சான்றிதழ் இல்லாதவங்க குழந்தை பக்கத்துல போகக் கூடாதுன்னு..."

"நான் எங்கண்ணே போனேன்? படியில உட்கார்ந்தேன். அவளும் படியிலதான் இருக்கா."

பென்சில் நகர்ந்து வந்து அவள் மடியில் தலை வைத்துக்கொண்டாள். வாட்ச்மேன் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். சான்றிதழ் இல்லாத இன்னொரு மனிதர் அவர். திரும்பி, வாசல் கேட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

அந்த மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் வராந்தாப் பக்கம் போகவில்லை. அது படிவத்தில் இல்லை. வகுப்பையும் பதிவேட்டையும் பார்த்து மனம் நெகிழ்ந்து, மற்றப் பள்ளிகளுக்கும் இதே முறையைப் பரிந்துரைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. சான்றிதழ் வந்த நாளிலிருந்து அந்த வகுப்பில் ஒரு நாற்காலிகூட அழுததில்லை.