இடது பின்சக்கரம்

லாரியின் இடது பின்சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. லாரி மட்டும் சேற்றை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

மணி மூன்று. நான்கு மணிக்கு டிரைவர் பஸ் நிலையத்தில் நின்றாக வேண்டும். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி, இருபத்து மூன்று நாள் கழித்து இன்றுதான் வருகிறாள். "நாலு மணிக்கு உங்க முகம் தெரியலன்னா, வந்த பஸ்லயே திரும்பிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். இந்த இருபத்து மூன்று நாளும் அவன் மனம்விட்டுப் பேசியதெல்லாம் லாரியின் கண்ணாடியோடுதான்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு பெரியவர் வந்து லாரிக்குப் பின்னால் நின்றார்.

"நல்லா மிதிங்க தம்பி! பயப்படாதீங்க!"

மிதித்தான். சக்கரம் இன்னும் அரை அடி இறங்கியது. பெரியவரின் வெள்ளைச் சட்டை சேற்று நிறத்துக்கு மாறியது. அவருக்கோ வாயெல்லாம் பல்.

"பரவால்ல, சாக்கு போட்டுப் பாக்கலாம். குழந்தைங்க எத்தனை?"

"இன்னும் இல்லைங்க."

சக்கரத்தடியில் சொருகிய சாக்கு, ஒரே சுற்றில் பறந்துபோய் வேலி மேல் உட்கார்ந்தது.

"அப்ப பாரம்தான் பிரச்சனை. இறக்கிடுங்க. ஊர்ல அம்மா அப்பா இருக்காங்களா?"

பன்னிரண்டு பெயின்ட் வாளிகளை ஒற்றை ஆளாக இறக்கினான். பெரியவர் எண்ணிக்கொடுத்து உதவினார். பாரம் குறைந்த சக்கரம் முன்னைவிடக் குஷியாகச் சுற்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டையும் திரும்ப ஏற்றினான்.

"களைச்சுட்டீங்க. டீ போட்டிருக்கேன், வாங்க."

சமையலறை மேடையில் இரண்டு டம்ளர்கள் தயாராக இருந்தன. வீட்டில் வேறு ஆள் அரவமே இல்லை. அந்த அமைதி டிரைவருக்கு நன்றாகப் பழக்கம். அவன் வீட்டிலும் இப்போது அதுதான் குடியிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது.

"டீ வேணாங்க. நாலு மணிக்கு என் பொண்டாட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வர்றா. நான் இல்லன்னா திரும்பிப் போயிடுவா. அந்த வீட்ல தனியா இருக்க முடியலைங்க."

பெரியவர் டம்ளரை வைத்துவிட்டார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

விறுவிறுவென்று தெருவுக்கு நடந்தார்.

"ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுங்க. சும்மா சுத்துற சக்கரம் எஞ்சின் பலத்தையெல்லாம் முழுங்குது. அதைக் கொஞ்சம் பிடிச்சு வச்சா, பலம் அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போகும். இப்ப மெதுவா விடுங்க... மெதுவா..."

லாரி முனகிக்கொண்டே மேலேறி வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"போங்க, போங்க! அவங்களைக் காக்க வைக்காதீங்க!" பெரியவர் கையசைத்துக்கொண்டே நின்றார்.

தெருமுனையில் பெரியவரின் பக்கத்து வீட்டுப் பெண் ஸ்கூட்டரை நிறுத்தி, சேறு அப்பிய லாரியைப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்தப் பெரியவர் மட்டும் இல்லன்னா என் கதை கந்தல்தான் அக்கா" என்றான் டிரைவர். "எந்தக் குழாய் உடைஞ்சு இப்படிச் சேறாச்சோ!"

"குழாயெல்லாம் உடையல தம்பி, தினம் காலைல ஹோஸ் பிடிச்சு அந்த இடத்தை நனைச்சு வைக்கிறதே அவர்தான், ஆனா யாரையும் இவ்வளவு சீக்கிரம் விட்டதில்லையே!"